முட்டை மேல் உட்கார்ந்தவன் போட்ட வழக்கு

என் வழக்கைத் தள்ளுபடி செய்தபோது நீதிபதி எழுதிய ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் அற்பம் என்று பொருள் என்றார் என் வக்கீல். அற்பமான, தொல்லை தரும் வழக்கு. என்னை மாமியார் முதல் தவிட்டு வியாபாரி வரை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் திட்டியிருக்கிறார்கள். ஆனால் முத்திரை குத்தி, நகலுக்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு யாரும் திட்டியதில்லை. அந்த நேரத்தில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபம் வாசலுக்கு வந்த பிறகுதான் வந்தது. வந்தது இன்னும் போகவில்லை.

நான் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரன். பெரிய பண்ணை இல்லை. பெரிய பண்ணைக்காரர்கள் கூடி முட்டை விலையைப் பேசுவார்கள், நாங்கள் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அந்த அளவுக்கான பண்ணை. ஊரில் எனக்கிருக்கும் பெயர் பண்ணையால் வந்ததல்ல, வாயால் வந்தது. கல்யாணப் பந்தியில் என்னை ஓரத்தில் உட்கார விடமாட்டார்கள். நடுவில் உட்கார்த்தி, இலையில் உப்பு விழுவதற்குள் "சொல்லுங்க மாமா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குக் குடலிறக்கத்துக்கு அறுவை செய்த கதையை நான் சொல்லக் கேட்டு, அப்படி ஒன்று தனக்கும் வராதா என்று ஏங்கிய ஆள் இருக்கிறார். எந்த வருத்தமானாலும் அதைச் சிரிப்பாகச் சமைத்துப் பந்தியில் பரிமாறிவிடுவது என் வழக்கம். அந்தச் சமையல்தான் என்னைக் கவிழ்த்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒருநாள் என் டிரைவர், தன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று லீவு போட்டுவிட்டான். ஜலகண்டாபுரத்துக் கடைகளுக்கு முட்டை போயாக வேண்டும். நானே வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஓர் இடத்தில் தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். எந்த இடம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த வழக்கு என்மேல் வரும், அதை மட்டும் யாரும் தள்ளுபடி செய்யமாட்டார்கள்.

அங்கே ஓர் எஸ்.ஐ. நின்றிருந்தார். என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். வண்டியின் காகிதங்களைக் கேட்கவில்லை. கதவைத் திறக்கச் சொல்லி அடுக்கைப் பார்த்துவிட்டு, ஒரு முட்டை அட்டையை எடுத்து ஜீப்பில் வைக்கச் சொன்னார். முட்டை வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் இது பழக்கம். வைத்துவிட்டுப் போவதும் பழக்கம். நானும் அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம்.

"வெச்சுப்போடறேனுங்க. போன வாரம் வாங்குனதையெல்லாம் என்னுங்க பண்ணுனீங்க, அடை வெச்சுட்டீங்களா?"

உடன் நின்ற போலீஸ்காரர்கள் இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். ஒருவர் சிரிப்பை மறைக்கத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. அவர் முகத்தில் எதுவுமே நடக்கவில்லை. எத்தனை வருடம் சிரிக்க வைத்துப் பிழைத்தவன் நான், சிரிக்காத முகம் எப்போது ஆபத்து என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தெரியவில்லை. இன்னொன்று சொன்னால் சிரித்துவிடுவார் என்று அடுத்ததை யோசித்துக்கொண்டிருந்தேன்.

என்னை வண்டியோடு ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய், உள்ளறையில் சட்டையையும் வேட்டியையும் கழற்றச் சொன்னார். பட்டாபட்டியோடு நின்றேன். என் வண்டியிலிருந்தே ஓர் அட்டை முட்டையைக் கொண்டுவந்து தரையில் வைத்தார்கள்.

"அடை எப்படி வெக்கறதுன்னு நீயே உக்காந்து காட்டு. ஒரு முட்டை ஒடஞ்சா ஒரு அடி."

முட்டைமேல் உட்காரவும் கூடாது, எழுந்து நிற்கவும் கூடாது. அரையாகக் குந்தி, அட்டைக்கு மேலே தொடாமல் நிற்க வேண்டும். எனக்கு அப்போதே ஐம்பது தாண்டியாகிவிட்டது. முழங்கால் இரண்டும் பண்ணைக் கொட்டாயில் ஏறி இறங்கித் தேய்ந்தவை. கொஞ்ச நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. முட்டை விரிசல் விடுகிற சத்தம் மிகச் சின்னது. பண்ணைக்காரன் காதுக்கு மட்டும் அது பெரிது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தம் எனக்கு நட்டம். அன்று அந்தச் சத்தம் கெண்டைக்காலில் ஓர் அடி. முற்பகலில் ஆரம்பித்தது, விளக்குப் போடும்வரை நடந்தது. நடுவில் இரண்டு முறை சுவரோரம் சாய்ந்துகொள்ள விட்டார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஒருவர் தவறிப்போய் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், உடனே சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து போனார்.

பிறகு எஸ்.ஐ. என்னைக் கொக்கரிக்கச் சொன்னார்.

கொக்கரித்தேன். நன்றாகவே கொக்கரித்தேன். முட்டை இட்டுவிட்டு எழும் கோழி ஒரு மாதிரி கத்தும், நாயைக் கண்ட கோழி வேறு மாதிரி கத்தும், எனக்கு இரண்டும் வரும். இரண்டையும் செய்தேன். வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. சிரித்துவிட்டார்கள், இனி விட்டுவிடுவார்கள் என்று உடம்பு நினைத்துக்கொண்டது. விடவில்லை.

தரையில் கழற்றிப் போட்ட வேட்டி முழுக்க மஞ்சள் கருவாகிவிட்டதால் வீட்டுக்குப் போன் போட்டு மாற்றுவேட்டி கொண்டுவரச் சொன்னார்கள். என் மனைவி டவுன் பஸ் பிடித்து, துணிப்பையோடு வந்து சேர்ந்தாள். அவளை வாசலிலேயே நிறுத்திப் பையை வாங்கியிருக்கலாம். உள்ளறைக் கதவுவரை வரவிட்டார்கள். வேண்டுமென்றேதான் வரவிட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை நான் பார்த்தேன். பார்த்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? யாரும் சொல்லாமலே இன்னொரு முறை கொக்கரித்தேன். அவள் சிரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது.

அவள் சிரிக்கவில்லை. பையைத் தரையில் வைத்தாள். எஸ்.ஐ. பக்கம் திரும்பி, சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்.

"அவரு எந்திரிக்கட்டுமுங்க."

அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, சபிக்கவும் இல்லை. அறையில் இருந்தவர்கள் யாரும் அதன் பிறகு சிரிக்கவில்லை. எஸ்.ஐ. மேசையில் ஏதோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டு, போகச் சொன்னார்.

அவள் எனக்கு முன்பே படி இறங்கிப் போய்விட்டாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தேன். எஸ்.ஐ. அங்கே வந்து நின்றிருந்தார். நான் சிரித்த முகமாக இரண்டு கையையும் கூப்பி, "வாரேனுங்க" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினேன்.

இதை நம்பாதவர்கள் எங்கள் பக்கத்து ஆட்களாக இருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் எங்கிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவோம். கடன் கேட்டு இல்லையென்று சொன்ன வீட்டிலிருந்தும் அப்படித்தான், பங்காளிச் சண்டை போட்ட வீட்டிலிருந்தும் அப்படித்தான். சொல்லாமல் கிளம்புவது சாவு வீட்டில் மட்டும்தான். அது அப்படிப்பட்ட இடம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் பண்ணையில் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தபோது, எங்கள் பண்ணைக்காரர் வாட்ஸப் குழுவில் ஒருவர் நலம் விசாரித்துக் கேட்டிருந்தார். எப்படியோ விஷயம் பரவிவிட்டது. மற்றவர்கள் சொல்லிப் பரவுவதைவிட நானே சொல்வது மேல் என்று நினைத்தேன். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, பின்னால் கோழிகள் கத்த, முழுக் கதையையும் பந்திக் கதையாகச் சொன்னேன். இரண்டு விதக் கொக்கரிப்பும் அதில் உண்டு. முடிக்கும்போது, "கோழி படற கஷ்டம் இன்னைக்குத்தானுங்க தெரிஞ்சுது, இனிமே ஒரு கை தீவனம் சேத்தியே போடறேன்" என்றேன். மதியத்துக்குள் சேலம் ஜில்லா முழுக்கக் கேட்டாகிவிட்டது. ஒரு வாரத்தில் துபாயிலிருக்கும் என் மச்சான், இதைக் கேளுங்கள் மாமா, நல்ல தமாஷ் என்று எனக்கே அனுப்பினான்.

அதை எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். வீட்டில் மட்டும் சிரிப்பில்லை. என் மனைவி ஒரே துணுக்கை நூறாவது தடவை கேட்டாலும் சரியான இடத்தில் சிரிக்கிறவள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் ஊருக்குள்ளேயே கடை விரித்தேன். அவள் ராத்திரி சாப்பாடு போட்டாள், முழங்காலுக்கு எண்ணெய் தடவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிப்பு மட்டும் வரவில்லை. எலும்பு டாக்டரிடம் போனபோது, பண்ணையில் வழுக்கி விழுந்தேன் என்று நான் சொன்னதையும், அவரைச் சிரிக்க வைத்ததையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டரும் வழுக்கி விழுந்தது என்றே எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்.

"கேஸ் போடுங்க. பணம் வேண்டாம். அது தப்புன்னு ஒருத்தரு எழுதிக் குடுக்கோணும், அது போதும்."

அவள் கேட்டது அந்த ஒரு வரி. நான் கோர்ட்டுக்குப் போனது அந்த ஒரு வரிக்காக. இதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இது பேராசைக்காரன் போட்ட வழக்கு என்று பேசினார்கள்.

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்தார். நல்ல மனிதர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்துதான் கேஸ் கட்டுகளைப் பிரிப்பார், மற்ற நாளெல்லாம் வாய்தா வாங்குவார். என் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். எஸ்.ஐ.யில் தொடங்கி மாவட்ட அதிகாரி, உள்துறைச் செயலர் வரை எல்லோரையும் பிரதிவாதியாகச் சேர்த்தார். பணம் கேட்காமல் இப்படி வழக்குப் போட முடியாது, கேட்கிற தொகை சின்னதாக இருந்தால் மதிக்கமாட்டார்கள் என்று ஒரு பெரிய தொகையையும் எழுதினார். என் மனித உரிமை, கண்ணியம், வாழும் உரிமை எல்லாம் மீறப்பட்டதாக வந்தது. வாசிக்கும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

சாட்சி யார் என்று கேட்டார். போலீஸ்காரர்கள் சொல்லமாட்டார்கள். பாஸ்போர்ட்டுக்கு வந்தவரைத் தேடிப் போனேன். அவர் எதையும் பார்க்கவில்லையாம், காலண்டரில் இருந்த முருகன் படத்தை மட்டும் பார்த்தாராம். மிச்சம் இருந்தது என் மனைவி.

"நா வந்து சொல்றேனுங்க" என்றாள் அவள்.

நான் வேண்டாம் என்றேன். எங்கள் வகையறாவில் வீட்டுப் பெண்கள் தோட்டத்துக் கணக்குப் பார்ப்பார்கள், டிராக்டர் ஓட்டுவார்கள், பங்காளிகளை வாசலில் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பார்கள். கோர்ட்டுப் படி மட்டும் ஏறக்கூடாது. ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. கூண்டில் பெண்ணை ஏற்றினால் ஊர் என்ன சொல்லும் என்று பங்காளிகள் ஒன்றுகூடிச் சொன்னார்கள். முட்டைமேல் என்னைக் குந்தவைத்தபோது ஊர் என்ன சொல்லும் என்று யாரும் கூடவில்லை, அது வேறு விஷயம். நானும் பெரிய வீராப்போடு, எனக்கு வாய் இல்லையா, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வக்கீலும், "உங்க வாயே போதும்ணே" என்று சொல்லிவிட்டார். இப்படி இரண்டு புத்திசாலிகள் சேர்ந்து, அந்த அறையில் சிரிக்காத ஒரே சாட்சியை வீட்டில் உட்கார வைத்தோம்.

நோட்டீஸ், காத்திருப்பு, வாய்தா, மறுபடி வாய்தா என்று வருடங்கள் போயின. ஒருவழியாக என்னைக் குறுக்கு விசாரணை செய்யும் நாள் வந்தது. அன்று கிறிஸ்தவர்களுக்குச் சாம்பல் புதன். வக்கீல் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து நின்றார். எங்களுக்கு முன்னால் வேறொரு வழக்கு. ஓய்வு பெற்ற ஒருவர் தன் கிராம நிர்வாக அலுவலர்மேல் போட்டது. அலுவலர் நாற்காலியிலிருந்து எழுந்து வணக்கம் சொல்லவில்லை, அதனால் தன் சமத்துவ உரிமை பறிபோனது என்று வழக்கு. அந்த அலுவலர் பாவம், கையில் டிபன் கேரியரோடு சுவரோரம் நின்றிருந்தார். இந்த ஒரு கேஸுக்காகப் பதினாறு தடவை வந்திருக்கிறாராம். நீதிபதி ஐந்து நிமிடத்தில் அதைத் தூக்கி வீசினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நன்றாகவே சிரித்தேன். தேவைதான், இப்படிப்பட்ட வழக்கை எல்லாம் வீசத்தான் வேண்டும் என்று பக்கத்து ஆளிடம் சொல்லவும் சொன்னேன். இப்போதும் அதைத்தான் சொல்வேன். வேலை பார்க்கிறவனை இழுத்தடிப்பதற்கென்றே கேஸ் போடுகிற ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிப் போடக் குப்பைத் தொட்டி வேண்டும். தொட்டிக்குள் போடுகிறவன் கையில் இருப்பது என்ன என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கூண்டில் ஏறினேன். அரசு வழக்கறிஞர் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். உள்ளறையில் கேமரா உண்டு, ஆனால் அன்று பழுது. வாசல் கேமரா பழுதில்லை. அதில் பதிவானதை ஒரு லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். நான் வருகிறேன், பொத்தான் போடுகிறேன், பல் தெரியச் சிரிக்கிறேன், கை கூப்புகிறேன். படம் அவ்வளவு தெளிவு. என் கடைவாயில் அடைத்த வெள்ளிப்பல் வரை தெரிகிறது. உள்ளே கண்ணை மூடிக்கொண்ட அரசாங்கம் வெளியே அப்படி முழித்துப் பார்த்திருக்கிறது.

"இதுல என்ன சொல்றீங்க?"

"வாரேனுங்கன்னு சொன்னேனுங்க."

"சித்திரவதை பண்ணுனவங்ககிட்டச் சிரிச்சுக் கும்பிட்டுச் சொல்லிட்டுப் போவாங்களா?"

போவோமுங்க என்றேன். கோர்ட்டே சிரித்தது. பிறகு அவர் அந்த வாட்ஸப் பேச்சைப் போட்டார். கோழிச் சத்தம், என் குரல், இரண்டு விதக் கொக்கரிப்பு. தட்டச்சு செய்யும் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வாசலில் நின்று பெயர் கூப்பிடும் டவாலி தோள் குலுங்கினார். நீதிபதி குனிந்து எதையோ எழுதினார், ஆனால் மீசை அசைந்தது. ஒரு கை தீவனம் சேர்த்திப் போடுகிற இடம் வந்ததும் எல்லோரும் அடக்குவதை விட்டுவிட்டார்கள். நான் சொன்ன கதைகளிலேயே மிகப் பெரிய வெற்றி பெற்றது அதுதான்.

"இதுதான் வாதியோட மன உளைச்சல், ஐயா" என்று சொல்லிவிட்டு அரசு வழக்கறிஞர் உட்கார்ந்தார். டாக்டர் சீட்டை நீட்டினார், வழுக்கி விழுந்தது. அத்தோடு முடிந்தது.

நான் வாயைத் திறந்து, சிரித்தேன்தான், ஆனால் வலித்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. இவ்வளவு நீள வாயில் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பாதை இல்லை.

தீர்ப்பு நாளன்று என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். பங்காளிகளைக் கேட்காமல் புடவை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஒருவர் எழுதிக் கொடுப்பதை அவள் காதால் கேட்க வேண்டுமாம். கேட்டாள். பொது ஊழியர்கள் அச்சமின்றிக் கடமை செய்ய வேண்டும், இப்படிப்பட்ட அற்ப வழக்குகளால் அவர்களைத் துன்புறுத்த அனுமதிக்க முடியாது, வழக்குத் தள்ளுபடி, வாதி செலவுத் தொகை தர வேண்டும். அவளுக்கு ஆங்கிலம் புரியாது. வக்கீல் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

இங்கேதான் எனக்குக் கோபம். சட்டத்தின்மேல் இல்லை. அந்தக் கிராம அலுவலரையும் என் எஸ்.ஐ.யையும் ஒரே வாக்கியத்துக்குள் நிழலில் உட்கார வைத்தார்களே, அதன்மேல் கோபம். டிபன் கேரியரோடு நின்றவர் செய்தது கடமை. பட்டாபட்டியோடு ஒருவனைக் குந்தவைத்தது எந்தக் கடமை? எந்தச் சட்டப் பிரிவில் கொக்கரிப்பு வருகிறது? வலித்தவன் அழுதுகொண்டேதான் வர வேண்டும், கிழிந்த சட்டையோடுதான் வர வேண்டும், சிரித்துக்கொண்டு வந்தால் அவன் வலி அற்பம் என்று யார் வைத்த முறை? எங்கள் ஊரில் பாதிப்பேர் சிரித்துக்கொண்டுதான் சாகிறோம், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்க்க வந்தவனைச் சிரிக்க வைத்து அனுப்புகிறோம். அப்படியானால் எங்கள் பக்கத்தில் இதுவரை யாருக்கும் ஒன்றுமே நடக்கவில்லை போலிருக்கிறது.

வராந்தாவில் நின்றோம். அந்த எஸ்.ஐ. இப்போது இன்ஸ்பெக்டர். கொஞ்சம் பூசினாற்போல ஆகியிருந்தார். இரண்டு வக்கீல்களுக்கு நடுவில் வந்தவர் என்னைப் பார்த்து நின்றார். இப்போது ஊர்ப் பேச்சு, ஊர் மரியாதை.

"செலவுத் தொகைய முட்டையாக்கூடக் குடுக்கலாமுங்க. அதும்மேல உக்காராமக் கொண்டாந்தாச் சரி."

நான் சிரித்துவிட்டேன்.

நன்றாக இருந்தது, அதனால் சிரித்துவிட்டேன். நல்ல இடத்தில் நிறுத்தினார், நல்ல அளவாகச் சொன்னார். என் வாய் என்னைக் கேட்காமல் திறந்து, பல்லைக் காட்டி, ஹஹ்ஹா என்றது. வெள்ளிப்பல் உட்பட. அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திரும்பினால் என் மனைவி நின்றிருந்தாள்.

வண்டி பண்ணைத் தடத்தில் இறங்கியபோது கேட்டாள்.

"அவன் சொன்னதுக்குச் சிரிச்சீங்க."

பழக்கமாகிவிட்டது என்றேன்.

"அன்னைக்கு என்னையப் பாத்துக் கொக்கரிச்சீங்களே, அதும் பழக்கமா?"

வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோழிகள் தீவன வாளிச் சத்தம் என்று நினைத்துக் கத்த ஆரம்பித்தன. எனக்கு அந்த எஸ்.ஐ. மேல் இருந்த கோபமும், அந்தத் தீர்ப்பின்மேல் இருந்த கோபமும் திரும்பி வந்து என் வாயின்மேல் உட்கார்ந்தன. பல்லைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதையும் அவளிடம் சொல்லியிருந்தால் வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, சொல்லவில்லை.

மறுநாள் அவளே கிளம்பினாள், நான் பின்னால் போனேன். சூரமங்கலத்தில் வக்கீல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, மேல்முறையீடு போட வேண்டும், தான் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். வக்கீல் தலையைச் சொறிந்தார். மேல்கோர்ட்டில் புதுச் சாட்சியை லேசில் ஏற்க மாட்டார்கள் என்றார்.

"இத்தனை வருஷம் ஏன் வரலைன்னு கேப்பாங்கம்மா."

"கூப்புடலைன்னு சொல்லுங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து, என்ன பார்த்தீர்கள், முதலிலிருந்து சொல்லுங்கள் என்றார். அவள் டவுன் பஸ்ஸில் ஏறியதிலிருந்து ஆரம்பித்தாள். துணிப்பை, படி, கதவு. கதவுக்குப் பக்கத்தில் வந்ததும் நான் உதவிக்கு வாயைத் திறந்தேன். ஒரு சின்ன வார்த்தைதான், அவளுக்குச் சுலபமாக இருக்கட்டுமே என்று.

"நீங்க கொஞ்சம் வெளிய போய் உக்காருங்க சாமி" என்றாள்.

வெளியே வந்தேன். பெஞ்சில் வாழப்பாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மண்டிக்கடை வழக்காம். அவர் வழக்கை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, உங்களது என்ன என்று கேட்டார். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பாதிச் சிரிப்போடு காத்திருந்தார். என் முகம் அப்படி, யாரைப் பார்த்தாலும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார்கள். கதை வாய்க்குள் தயாராக வந்து நின்றது. கோழி, அட்டை, இரண்டு விதக் கொக்கரிப்பு. உள்ளே அவள் குரல் ஏறாமல் இறங்காமல் போய்க்கொண்டிருந்தது. வக்கீல் சிரிக்கும் சத்தம் வரவில்லை.

"போலீஸ்ல வெச்சு அடிச்சாங்க" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். வேறொன்றும் வராது என்று தெரிந்ததும் அந்தப் பாதிச் சிரிப்பை எடுத்துவிட்டு, பெஞ்சில் எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.